மலைமேல் ஒரு மாலுமிப் பள்ளி

பதுளையில் ரயில் ஏறினால் ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை என்று மலை ஏறிக்கொண்டே போய்த் தியத்தலாவையை அடையலாம். அங்கே ஒரு குன்றின் சரிவில் வெள்ளையாக ஒரு நரியின் உருவம் படுத்திருக்கிறது. அதற்கு நரிக்குன்று, ஃபொக்ஸ் ஹில், என்று பெயர். ஸ்பிரிங்வெளியிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் போகும் பிள்ளைகள் ஜன்னல் வழியே அதைத் தேடிப் பிடித்துக் கைகாட்டுவார்கள். அந்த நரி காட்டிலிருந்து வந்ததல்ல, கடலிலிருந்து வந்தது. எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் ஓய்வுக்காக இந்த மலைக்கு வந்தபோது தங்கள் கப்பலின் பெயரை இப்படிக் குன்றில் எழுதிவிட்டுப் போனார்கள் என்பதே இங்குள்ள வழக்கு.

சுமார் நாலாயிரம் அடி உயரத்தில் மாலுமிகளுக்கு என்ன வேலை? திருகோணமலையின் வெக்கையிலும் காய்ச்சலிலும் வாடிய கடற்படையினருக்குக் குளிர்ந்த காற்று தேவைப்பட்டது. தேயிலைக்காகப் போட்ட ரயில் பாதை 1894இல் பண்டாரவளை வரை வந்திருந்தது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் காடு வெட்டாமலே முகாம் போடக்கூடிய திறந்த நிலம். இவை மூன்றும் சேர்ந்துதான் தியத்தலாவையைப் படைகளின் ஊராக்கின.

அதற்கு முன்பே அங்கே ஒரு சிறை வந்துவிட்டது. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பிரித்தானியர் பிடித்த கைதிகள் 1900இல் கொழும்புக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 5,000 பேர். பெரும்பாலோர் அடைக்கப்பட்டது தியத்தலாவையின் தகரக் கொட்டகைகளில். அவர்களும் நம் முன்னோரைப் போல நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள்தான். மரத்தில் பொம்மையும் பெட்டியும் செதுக்கினார்கள், பாட்டுக் கச்சேரி நடத்தினார்கள், தங்களுக்கென்று பத்திரிகையும் அச்சிட்டார்கள். குடல் காய்ச்சல் புகுந்தபோது பலர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்ட அந்த மயானம் நினைவுத் தூணோடு இன்றும் இருக்கிறது. 1902இல் சமாதானம் வந்ததும் மற்றவர்கள் நாடு திரும்பினார்கள். பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த எங்கல்பிரெக்ட் இங்கேயே தங்கி, பிறகு யால காட்டின் முதல் காவலரானார்.

உலகப் போர்களிலும் கொட்டகைகள் சும்மா இருக்கவில்லை. 1939இல் இலங்கையில் இருந்த ஜெர்மானியர்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள். ஜெர்மனியில் பிறந்து பௌத்த பிக்குகளான ஞானதிலோக தேரரும் ஞானபோனிக தேரரும் அவர்களில் அடக்கம். பின்னர் அவர்கள் இந்தியாவின் தேராதூன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். ஜப்பானுடனான போரின்போது கிழக்குக் கடலில் போரிட்டுக் களைத்த பிரித்தானிய மாலுமிகளுக்கு இங்கே ஓய்வு முகாம் நடந்தது. அதற்கு எச்.எம்.எஸ். ஊவா என்று பெயர். கரையில் நிற்கும் கட்டடத்துக்கும் கப்பலின் பெயர் சூட்டுவது கடற்படை மரபு. அந்த மரபின்படி நம் மாகாணமே ஒரு கப்பலானது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950 டிசம்பர் 9ஆம் திகதி ரோயல் சிலோன் கடற்படை பிறந்தது. கையில் இருந்தது விஜய என்ற ஒரு கண்ணிவாரிக் கப்பலும் சிறிய ஆளணியும்தான். புதிதாகச் சேர்ந்த மாலுமிகளைப் பழக்க அந்தக் கடற்படை தேர்ந்தெடுத்த இடங்களில் தியத்தலாவையும் ஒன்று. அங்கே எழுந்த பயிற்சி முகாமுக்கு ரங்கல்ல என்று பெயர். மாலுமிக்கு மலையில் பயிற்சியா என்று வியக்க வேண்டியதில்லை. அணிவகுப்பு, துப்பாக்கி, கயிற்று முடிச்சு, கொடிச் சைகை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டளைக்குப் பணியும் ஒழுங்கு: கடற்படைக்காரரின் முதற்பாடங்கள் எந்த நாட்டிலும் தரையில்தான் தொடங்குகின்றன. அதிகாரிகளின் கதை வேறு. அவர்களை உருவாக்கும் கழகம் அப்போது நாட்டில் இருக்கவில்லை. தெரிவான இளைஞர்கள் இங்கிலாந்தின் டார்ட்மவுத் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மனம் கனக்கிறது. ரங்கல்லவின் எக்காளம் கேட்கும் தூரத்தில், தேயிலைத் தோட்ட லயங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். கைதிகளும் மாலுமிகளும் ஏறி வந்த ரயில், அந்த இளைஞர்களின் தாத்தாமாரும் பாட்டிமாரும் பறித்த கொழுந்தைச் சுமக்கப் போட்ட ரயில். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச படையில் இடம் ஏது? முகாம் பக்கத்தில் இருந்தும், அதன் வாசல் தோட்டத்துப் பிள்ளைக்கு மூடியே கிடந்தது. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போக எஞ்சியிருந்தோரின் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தியத்தலாவையின் கதையை எழுதுகிறவர்கள் போயர்களை மறப்பதில்லை. வேலிக்கு வெளியே நின்ற இவர்களைத்தான் எழுதுவதில்லை.

1962 ஜனவரியில் அரசைக் கவிழ்க்கும் சதி ஒன்று முறியடிக்கப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவர் முன்னாள் கடற்படைத் தளபதி ரொய்ஸ் டி மெல். தண்டனை ஆட்களோடு நிற்கவில்லை, கடற்படை முழுவதன் மேலும் விழுந்தது. கப்பல்கள் விற்கப்பட்டன, ஆட்சேர்ப்பு நின்றது, இங்கிலாந்துப் பயிற்சி நின்றது, தளங்களும் கைமாறின. தியத்தலாவை முகாமும் கடற்படையின் கையை விட்டுப் போனது. ரங்கல்ல என்ற பெயர் மட்டும் பிழைத்து, பிற்காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் உள்ள கடற்படைத் தளத்துக்குச் சூட்டப்பட்டது.

அந்த இருண்ட காலத்தில் கடற்படையைத் தாங்கி நின்றவர் ஒரு தமிழர். ரஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை அதன் தளபதியாக இருந்தார். பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். வெளிநாட்டில் பயிற்றுவிக்கும் வழி அடைபட்ட பின் அதிகாரிகளை உள்நாட்டிலேயே உருவாக்குவது தவிர வேறு வழியில்லை. 1967இல், அவருடைய காலத்திலேயே, திருகோணமலைக் கப்பல்தளத்தில் கடற்படை மற்றும் கடல்சார் கழகம் தொடங்கியது. பிரித்தானியர் 1957இல் திருப்பிக் கொடுத்த அதே தளம் அது. இந்தியா கொச்சியில் தன் கடற்படைக் கழகத்தைத் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல். அது எழிமலையில் நிலைகொண்டது 2009இல். கடற்படை மிக மெலிந்திருந்த வேளையில் சிறிய இலங்கை எடுத்த இந்த முடிவு, அந்தப் பத்தாண்டில் அது செய்த மிக நல்ல காரியம் என்பது என் கணிப்பு. இன்றும் நாட்டின் கடற்படை அதிகாரிகள் அங்கேதான் உருவாகிறார்கள்.

தியத்தலாவை இப்போது இராணுவத்தின் ஊர். 1950இல் அங்கே தொடங்கிய பயிற்சி நிலையம் 1981இல் இராணுவக் கழகமாக உயர்ந்தது. போயர்களுக்கு மயானமும் தூணும் இருக்கின்றன, ஃபொக்ஸ் கப்பலுக்கு நரி இருக்கிறது. நாட்டின் சொந்த மாலுமிகள் முதன்முதலில் பழகிய இடங்களில் ஒன்று இது என்று, வழிப்போக்கர் அறியும்படி ஒரு பலகையாவது வைக்க வேண்டாமா? கடற்படையும் தொல்லியல் திணைக்களமும் ஊவா மாகாண சபையும் மனம் வைத்தால் ரயில் நிலையத்திலேயே அதை மூன்று மொழிகளிலும் நிறுத்தலாம். பதுளை மாவட்டத்து ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளை ஒன்பது வளைவுப் பாலம் காட்ட எல்லவுக்கு அழைத்துப் போகும்போது இன்னும் சில நிலையங்கள் தாண்டித் தியத்தலாவை வரை கூட்டிப்போங்கள். நரியைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். திருகோணமலைக் கழகத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை இன்று தங்களுக்கும் உண்டு என்பதையும் அவர்களுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.