டேங்க்னா குளமா?

மயிலாப்பூருக்கு எப்படிப் போவது என்று வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டால் மெட்ராஸ்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆட்டோ பிடிச்சிடுங்க." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் பஸ், ரயில் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் தலைவலி பெயர்.

கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு நின்றுகொண்டு 'மயிலாப்பூர்' எங்கே என்று தேடினால் கிடைக்காது. 1997-ல் ரயில் இங்கே வந்ததிலிருந்தே ஸ்டேஷன் பெயர் திருமயிலை. சரி, பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "லஸ், லஸ்" என்கிறார். போர்ச்சுக்கீசியர் காலத்து மாதா கோயிலால் வந்த பெயர் அது. கபாலி கோயில் குளத்தை ஒட்டிய ஸ்டாப்போ 'டேங்க்'. வெளிநாட்டு இங்கிலீஷில் டேங்க் என்றால் மொட்டைமாடித் தொட்டி, இல்லாவிட்டால் ராணுவ வண்டி. குளம் என்று யாருக்குத் தோன்றும்? போதாக்குறைக்கு எதிரே வரும் பஸ்ஸில் 'பிராட்வே' என்று போர்டு. நியூயார்க்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்! (அந்தத் தெருவுக்கே பிரகாசம் சாலை என்று பெயர் மாறி எவ்வளவோ வருஷமாகிறது.)

ஒருமுறை பெசன்ட் நகரில் 29சி-யில் ஏறிய ஒரு ஜோடி, காலியாக இருந்த இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தது. அடையாரில் கூட்டம் ஏறியது. "சார், லேடீஸ் சீட்" என்று ஒரு அம்மா சொல்ல, அவர் மட்டும் காது சிவக்க எழுந்து நின்றார். அடுத்தது டிக்கெட். நம் கண்டக்டர்தான் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாரே! "பாஸ் பண்ணுங்க" என்று பக்கத்திலிருந்த பையன் நூறு ரூபாய் நோட்டைக் கேட்டபோது, அவர் விரல்கள் விடவில்லை. முன்பின் தெரியாதவன் காசைக் கேட்டால் கொடுக்காதே என்றுதான் எந்த ஊர் கையேட்டிலும் எழுதியிருக்கும். கடைசியில் கொடுத்தார். நோட்டு ஏழெட்டு கை மாறிப் பின்னால் போனது. அது திரும்பி வரும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

சிங்கப்பூருக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகும் மயிலாப்பூர் பாட்டிக்கு இந்தப் பாடு கிடையாது. கார்டைத் தட்டினால் கதவு திறக்கும், தமிழிலேயே அறிவிப்பு வரும். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் லிட்டில் இந்தியா போய்த் திரும்பிவிடலாம். ஆனால் திரும்பி வந்ததும் பாட்டி சொல்லும் முதல் புகாரே அதுதான், யாருமே பேசவில்லை என்று.

அதற்காக நம் குழப்பத்தையெல்லாம் விருந்தோம்பல் என்று சொல்லிக்கொள்வது அநியாயம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், பெயர்ப்பலகை இல்லாத ஸ்டாப்பில் தனியாக நிற்பவருக்கு எந்தப் பையன் வருவான்? 2025-ல் 'சென்னை ஒன்' செயலி வந்தது நல்லதுதான். ஆனால் டேங்க்னா குளம் என்று சொல்வதற்குப் பக்கத்து சீட்டு ஆள்தான் வேண்டியிருக்கிறது.

டிக்கெட்டும் சில்லறையும் அதே ஏழெட்டு கை வழியாக வந்து சேர்ந்தன. அவர் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. மந்தைவெளி தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்: "டிரைவர், வண்டிய நிறுத்துப்பா, வெள்ளக்காரங்க எறங்கணும்!"