ஒரு குவளை குளுக்கோஸ் நீர்

கருவுற்ற பெண்ணைக் காண வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. அல்வாவும் லட்டும் அதிரசமும் வீடு தேடி வருகின்றன. "இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடம்மா" என்ற அறிவுரையும் அவற்றோடு வருகிறது. தாய்மையைப் போற்றும் இந்த அன்பு நம் குடும்பங்களின் செல்வமாகும். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும், இந்த அன்பே தாய்க்கும் அவள் வயிற்றிலுள்ள மகவுக்கும் கேடாக முடியும் சமயங்களும் உண்டு. அதனை முன்கூட்டியே அறிந்து காத்துக்கொள்ளத் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் எளிய வழியொன்றை வகுத்துத் தந்துள்ளார். அதைப் பற்றி வாசக அன்பர்களோடு சிறிது உரையாட விழைகிறோம்.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையை உடலின் திசுக்களுக்குள் செலுத்தும் பணியைக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் ஹார்மோன் செய்கிறது. பெண் கருவுற்றதும் நஞ்சுக்கொடி தன் பங்குக்கு வேறு சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு ஊட்டம் குறைவுபடாதிருக்கும் பொருட்டு, இவை தாயின் இன்சுலினுடைய வேகத்தைத் தணிக்கின்றன. இஃது இயற்கையின் ஏற்பாடு. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதனை ஈடுகட்டிவிடுகிறது. சிலருக்கு அஃது இயலாமற் போகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடற்பருமன் உள்ளவர்கள், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்கள், பெற்றோரிடம் நீரிழிவு கண்டவர்கள் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு அதிகம். ஆயினும் மெலிந்த உடலினரும் இதற்கு விலக்கல்லர். இதனைக் கர்ப்பகால நீரிழிவு என்கிறார்கள். தாய்க்குப் பெரும்பாலும் இதனால் வலியோ மயக்கமோ தோன்றுவதில்லை. இந்நோயின் வஞ்சகம் இதுவே.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சேயிடம் செல்கிறது. தாயின் இன்சுலின் செல்வதில்லை. ஆகவே சேயின் சிறு கணையம் தானே மிகுதியான இன்சுலினைச் சுரக்க நேரிடுகிறது. அது சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்க, பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கிறது, பிரசவம் கடினமாகிறது. தொப்புள்கொடி அறுக்கப்பட்டதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. இன்சுலின் மட்டும் எஞ்சுகிறது. அவ்வேளையில் பச்சிளங்குழவியின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். டென்மார்க் நாட்டு மருத்துவர் பெடர்சன் என்பவர் 1950-களிலேயே இதனை விளக்கியுள்ளார்.

சங்கரன்கோவிலில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. கணவர் விசைத்தறித் தொழிலாளி. மனைவி வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர், மெலிந்த தேகத்தினர். முதற் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் மருத்துவர் அப்பெண்ணுக்குச் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்டு, உடனே கவனிக்க வேண்டும் என்றார். மாமியாருக்கு அது நோயாகத் தோன்றவில்லை. குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகத் தோன்றிற்று. மருமகள் மறுபடி அங்கே அனுப்பப்படவில்லை. வளைகாப்பு இனிப்புகளோடு சிறப்பாகவே நடந்தேறியது. பிறந்த ஆண் குழந்தையின் எடை நான்கு கிலோவுக்கு மேல். தெருவே வியந்து மகிழ்ந்தது. மறுநாள் குழந்தை பால் குடிக்கவில்லை, கைகால்கள் நடுங்கின. திருநெல்வேலிக்கு எடுத்துச் சென்று, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

குழந்தை வீடு திரும்பியபின் நாம் பார்க்கச் சென்றிருந்தோம். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது சாமி, இவள் கொண்டு வந்தது" என்றார் அந்த அம்மையார். மருமகள் அடுப்படிக் கதவருகே தலைகுனிந்து நின்றாள். "அம்மா, கொலைக் குற்றவாளியையா வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்? நோயை யாரும் சீதனமாகக் கொண்டு வருவதில்லை" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. சர்க்கரையைக் காட்டிலும் இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே பெண்கள் பரிசோதனையைத் தவிர்க்கின்றனர் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

இத்தகைய பெண்களையும் அவர்களுடைய சூழ்நிலையையும் மனத்திற் கொண்டு உழைத்தவரே டாக்டர் வி. சேஷையா. 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனித்துறை அமையக் காரணமாயிருந்தவர் அவர். நீரிழிவு முற்றிய பின் வைத்தியம் பார்ப்பதைவிட, அது ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குத் தாவும் இடத்திலேயே தடுப்பது நலம் என்பது அவருடைய கொள்கை. அந்த இடம் தாயின் கருப்பையாகும். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது.

மேல்நாட்டு முறைப்படி இந்நோயைக் கண்டறிய, இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் மருத்துவமனைக்கு வர வேண்டும்; குளுக்கோஸ் கரைசலைப் பருகி, நான்கு முறை வரை இரத்தம் கொடுக்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூரிலிருந்தோ திருவேங்கடத்திலிருந்தோ பேருந்தேறி வரும் கர்ப்பிணியை எண்ணிப் பாருங்கள். காலையில் ஏதேனும் உண்ணாமல் அவளால் புறப்பட இயலாது. "நாளை வெறும் வயிற்றோடு வா" என்று திருப்பியனுப்பினால், நாளைய கூலியும் பேருந்துக் கட்டணமும் அவள் கண்முன் நிற்கும். பலர் திரும்பி வருவதேயில்லை. வராதவளுக்கு எந்தச் சோதனையும் பயன் தராது.

சேஷையாவும் அவருடைய குழுவினரும் இதற்கு மாற்று வழி கண்டனர். கர்ப்பிணி உண்டிருந்தாலும் உண்ணாதிருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸை ஒரு குவளை நீரில் கரைத்துப் பருகச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின், அது கர்ப்பகால நீரிழிவு. வந்த அன்றே முடிவு தெரிந்துவிடும்.

இம்முறையால் தமிழ்நாட்டில் அவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. 12,056 கர்ப்பிணிகள் அதில் சோதிக்கப்பட்டனர். நகரங்களில் 17.8 சதவீதத்தினருக்கும், சிற்றூர் நகரங்களில் 13.8 சதவீதத்தினருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதத்தினருக்கும் இந்நோய் காணப்பட்டது. இது பணக்கார வீட்டு நோய் என்று எண்ணியிருந்தோர் கிராமத்துக் கணக்கை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழப் பத்தில் ஒரு தாய். 2007-லேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்யப்பட வேண்டுமென ஆணையிட்டது. 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் இம்முறையை ஏற்றன.

எல்லா மருத்துவரும் இதனை ஒப்புக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. உணவுண்ட நிலையில் பார்த்தால் நோயுள்ளோர் பலர் தப்பிவிடக்கூடும் என்று சென்னையிலுள்ள வேறு ஆய்வாளர்களே 2014-ல் எழுதியுள்ளனர். ஆகையால், வெறும் வயிற்றோடு வரக்கூடியவர்கள் மருத்துவர் கூறினால் அவ்வாறே செய்வது நன்று. வர இயலாதவர்களுக்கு ஒரு சோதனையும் இல்லாதிருப்பதைவிட, இக்குவளை நீர் எவ்வளவோ மேல்.

நோய் கண்டால் அஞ்ச வேண்டியதில்லை. பலருக்கு உணவு ஒழுங்கும் மிதமான நடையுமே போதும். அரசின் நெறிப்படி இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த பின், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 120-க்குக் கீழ் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். நில்லாவிடில் மருந்து உண்டு. சோற்றைக் குறைத்து, பயறு, கீரை, காய்கறிகளைக் கூட்டி, ஒரே நேரத்தில் உண்பதைப் பிரித்து உண்ண வேண்டும். பட்டினி கிடப்பது கூடாது. மாமியாரும் கணவரும் அதே உணவை உண்டால், மருமகளுக்கெனத் தனிப் பத்தியம் என்ற பேச்சே எழாது.

பிரசவத்தோடு யாவும் முடிந்துவிட்டதாக எண்ணுவதும் தவறாகும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஆனால் இந்நோய் கண்ட தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற தாய்மாரைவிட ஏழு மடங்கேனும் அதிகம் என 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டுகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகள் மற்றொன்றையும் புலப்படுத்தின. தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளைகளைவிட, வந்தபின் பிறந்த அவர்களுடைய உடன்பிறப்புகளிடம் உடற்பருமனும் நீரிழிவும் மிகுதியாகக் காணப்பட்டன. தாயும் தந்தையும் அவர்களே. கருப்பையின் சூழல்தான் வேறு. எனவே பிரசவமான ஆறாம் வாரத்தில் தாய்க்கு மீண்டும் ஒரு சோதனை தேவை. பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் அந்நாட்களிலேயே இதையும் முடித்துவிடலாம்.

மேற்சொன்ன குடும்பத்தில் இரண்டாம் கர்ப்பம் தரித்தபோது, முதல் மாதங்களிலேயே அப்பெண்ணைச் சோதனைக்கு அழைத்துச் சென்றவர் யார் தெரியுமா? அந்த மாமியாரே! சர்க்கரை மீண்டும் தென்பட்டது, இம்முறை மறைக்கப்படவில்லை. மாலை வேளைகளில் மருமகளோடு அவரும் நடந்தார். பெண் குழந்தை மூன்று கிலோ எடையோடு நலமாகப் பிறந்தது. அக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பேறு நமக்குக் கிட்டியது.

ஓலை வாசிக்கக் கேட்டு வரும் மணமக்களிடம் நாம் இப்போதெல்லாம் இதனையும் சொல்லிவைக்கிறோம். மணமகனிடம் சிறப்பாகச் சொல்கிறோம். ஏனெனில் வீட்டில் பழிச்சொல் எழும்போது மனைவிக்குத் துணை நிற்க வேண்டியவன் அவனே. கர்ப்பம் என்று அறிந்ததும் ஒரு முறையும், அப்போது சர்க்கரை இல்லையெனில் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் சோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கருவுற்ற பெண் இருப்பாளாயின், "சர்க்கரை பார்த்தாயா அம்மா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால், அடுத்த பரிசோதனை நாளில் அவளோடு துணையாகப் பேருந்தேறுங்கள்.