நாக்பூர் வெயிலும் நாலு விரல் ஜன்னலும்

நாக்பூர் என்றால் நமக்கெல்லாம் ஆரஞ்சுப் பழம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு இனிமேல் கூலர்தான் ஞாபகத்துக்கு வரும்!

2024-ஆம் வருஷம் மே மாதம். அங்கே இருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவன் பள்ளிக்கூடம், மாப்பிள்ளையின் வேலை என்று அவளால் ஊருக்கு வர முடியவில்லை. அம்மாவுக்கோ முழங்கால் வலி. "நீயாவது போயிட்டு வாடி" என்றாள். பிரசவ லேகியம், பருப்புப் பொடி, நார்த்தங்காய் என்று மூட்டை கட்டிக்கொண்டு சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினேன்.

மறுநாள் பிற்பகல் நாக்பூரில் இறங்கியதும் அடித்த காற்று இருக்கிறதே, எரிகிற அடுப்பின் மேல் குனிந்த மாதிரி முகத்தில் அறைந்தது. அந்த அனல் காற்றுக்கு அங்கே 'லூ' என்று பெயர். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடுவது சகஜமாம். நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி, அவர்களுக்கு மே 25 வாக்கில் ஆரம்பிக்கும் ஒன்பது நாள் 'நவ்தபா'. ஸ்கூட்டரில் போகும் பெண்கள் கண் மட்டும் தெரிய, தலையையும் முகத்தையும் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஆனால் ஒரு ஆச்சரியம். நம் ஊர் மாதிரி உடம்பு நசநசக்கவில்லை. வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுகிறது. காலையில் கொடியில் போட்ட துணி, காபி குடித்துவிட்டு வருவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடுகிறது.

தங்கை வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். ஒரு ஹால், சமையலறை, இரண்டு படுக்கை அறைகள். ஹால் ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டில் பெரிய தகரப் பெட்டி மாதிரி கூலர். மூன்று பக்கமும் மரச்சீவலோ வெட்டிவேரோ அடைத்த தட்டி. அடியில் தொட்டித் தண்ணீர். சின்ன மோட்டார் அந்தத் தண்ணீரை ஏற்றித் தட்டிகளின் மேல் சொட்ட விடும். உள்ளே இருக்கும் விசிறி வெளிக்காற்றை ஈரத் தட்டி வழியாக இழுத்து வீட்டுக்குள் தள்ளும். அங்கே முக்கால்வாசி வீடுகளில் இதுதான்.

போன மறுநாளே என் சமர்த்தைக் காட்டினேன். ஹால் ஜில்லென்று இருந்தது. குழந்தை படுத்திருந்த உள் அறையோ கொதித்தது. 'குளிர்ச்சி எல்லாம் வெளியே போகிறது போலிருக்கு' என்று வீட்டு ஜன்னல் அத்தனையையும் இழுத்துச் சாத்தினேன். ஏ.சி. போட்டால் அப்படித்தானே செய்வோம்?

மத்தியானம் இரண்டு மணிக்குள் வீடே நீராவி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. விரிப்பெல்லாம் ஈரம். பிறந்து இருபத்தைந்து நாளான குழந்தை கழுத்தெல்லாம் சிவந்து, பால் குடிக்காமல் வீறிட்டு அழுதது. அப்புறம் அழக்கூட தெம்பில்லாமல் துவண்டது. "அக்கா, எனக்கு பயமா இருக்கு" என்று தங்கை கண்ணீர் விட்டாள். எனக்கும் கை காலெல்லாம் உதறல்தான். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினோம்.

அழுகைச் சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் அம்மாள் வந்தாள். தங்கை அவளைக் 'காகூ' என்று கூப்பிடுகிறாள். மராத்தியில் சித்தி, பெரியம்மா முறை. உள்ளே நுழைந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். நேரே குழந்தை இருந்த அறைக்குப் போய் ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்தாள். அறைக் கதவை விரியத் திறந்து வைத்தாள். இன்னொரு படுக்கை அறைக் கதவையும் சமையலறைக் கதவையும் சாத்தினாள். "காற்று போக வழி இல்லாவிட்டால் வரவும் வராது" என்று இந்தியில் சொன்னாள்.

பத்து நிமிஷத்தில் ஜன்னல் திரை வெளிப்பக்கமாக உப்பியது. ஹாலிலிருந்து குளிர்ந்த காற்று உள் அறைக்கு நடந்து வந்தது! குழந்தை பால் குடித்தது. அப்புறம்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

ராத்திரி இரண்டு அறையிலும் படுக்க வேண்டுமானால் இரண்டு ஜன்னலையும் கொஞ்சம் கொஞ்சம் திறக்க வேண்டும். எந்த அறைக்கு அதிகம் வேண்டுமோ அந்த ஜன்னலை ஒரு விரல் கூடத் திறக்க வேண்டும். ஒரே கூலரில் மூன்று அறை. சூட்சுமம் இவ்வளவுதான்.

அன்று மாலையே டாக்டரிடம் காட்டினோம். போனில் அம்மா, "ஒரு சங்கு தண்ணி குடுங்கடி" என்றிருந்தாள். டாக்டர் கூடாது என்றார். ஆறு மாதம் வரை எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்தான். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள் என்றார். அது குறைந்தாலோ, உச்சிக்குழி உள்ளே அமுங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு சுட்டாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. கூலர் காற்று குழந்தை மேல் நேரே அடிக்கவும் கூடாது.

காகூ இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். தண்ணீர் ஊற்றும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். தகரப் பெட்டி, ஈரக் கை. ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். சொல்லிவிட்டு, வேகவைத்த மாங்காயில் வெல்லம், ஏலக்காய் போட்டுக் கரைத்த 'கைரி பன்ஹே' ஒரு சொம்பு கொடுத்தாள். அமிர்தம்!

சென்னைக்குத் திரும்பியதும் நானும் ஆசையாக ஒரு கூலர் வாங்கினேன். இரண்டாம் நாளே என் வீட்டுக்காரர், "இட்லிப் பானைக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று கேலி செய்தார். உண்மைதான். தண்ணீர் காய்ந்தால்தான் குளிர்ச்சி. நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம். தட்டித் தண்ணீர் எங்கே காயும்?

கூலர் பரணுக்குப் போயிற்று. ஆனால் காகூவின் பாடம் வீணாகவில்லை. வெயில் விழும் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டினேன். உள்ளே திரை போட்டால் கண்ணாடி வழியாகச் சூடு வந்துவிடுகிறது. மத்தியானம் கடற்காற்று கிளம்பும் வரை ஜன்னல்களைச் சாத்தி வைக்கிறேன். கிளம்பியதும் கிழக்கு ஜன்னலை விரியத் திறந்து, எதிர்க்கோடி அறை ஜன்னலையும் நடுவிலுள்ள கதவுகளையும் திறக்கிறேன். காற்றே இல்லாத ராத்திரியில், சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, படுக்கை அறை ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே வருகிறது. கரண்டு செலவும் கொஞ்சம்தான்.

வெயில் ஆரம்பித்ததும் தங்கையிடமிருந்து போன் வருகிறது. "அக்கா, நாலு விரல் திறந்துட்டேன்" என்கிறாள். பின்னால், அன்று துவண்டு கிடந்த அந்தப் பொடிசு வீட்டையே இரண்டாக்கும் சத்தம் கேட்கிறது.