கருகிய பக்கம்

குரங்கணிக் காட்டுத்தீயில் செத்துப்போன மலையேற்றக்காரர்களைப் பற்றி நான் கேவலமாகப் பேசியிருக்கிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அந்தத் தீ பரவியது. மறுநாள் போடியில் நான் கணக்கு எழுதும் ஏலக்காய்க் கடையில், காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் காதில் விழும்படி, "கொஞ்சம் யோசிச்சிருந்தா எல்லாரும் தப்பிச்சிருக்கலாம்" என்றேன். தீ கீழேயிருந்து வந்தால் மேலே ஓடக் கூடாது, எரிந்து முடிந்த இடத்துக்குள் போய் நின்றுவிட வேண்டும், படித்த பிள்ளைகளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் சொந்தக்காரர்கள் சிலர் முந்தின ராத்திரி மலையேறி, கருகிய உடம்புகளைப் போர்வையில் டோலி கட்டித் தூக்கி இறக்கியவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

காட்டில் சிக்கி உயிர் பிழைக்கும் படங்கள் என்றால் எனக்கு உயிர். 'தி எட்ஜ்' (1997) படத்தில் அந்தோணி ஹாப்கின்ஸ் தானே ஒரு திசைகாட்டி செய்து வழி பார்ப்பார். '127 ஹவர்ஸ்' (2010) படத்தில் பாறை இடுக்கில் கை மாட்டிக்கொண்ட இளைஞன், தன்னிடம் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்பான். பயம் வரும், அழுகை வரும், பிறகு நிதானம் வரும். அந்த நிதானம் வரும் நொடிக்காகவே ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். இன்றும் பார்க்கிறேன். படங்களில் குற்றம் இல்லை. யோசித்தவன் பிழைத்தான் என்று அவை காட்டின. செத்தவர்கள் யோசிக்காதவர்கள் என்று நானாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அன்று மலையில் இருந்தவர்கள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுக்கள். பாதிக்கு மேல் பெண்கள். சனிக்கிழமை கொழுக்குமலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுயரத்துக்குச் சுக்குநாறிப்புல் காய்ந்து நிற்கும். கசக்கினால் கையில் எலுமிச்சை வாசம் அடிக்கும். அந்த வாசம் எண்ணெய். தலைகீழாகப் பிடித்த தீக்குச்சி எப்படி மேல்நோக்கிச் சரசரவென்று எரியுமோ, சரிவில் தீ அப்படித்தான் ஏறும். மேலே இருக்கிற புல்லைச் சுடர் தொடுவதற்கு முன்பே சூடு காயவைத்துவிடும். காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது. புகையில் வழி மறைந்து பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். அன்று மலையிலும் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 உயிர்கள் போயின.

இனி என் கதை. அதற்குப் பின்னால் ஒரு கோடையில், முந்தல் ஊருக்கு மேலே எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் இலவந்தோப்புக்கு நானும் அத்தையும் போயிருந்தோம். என் அப்பாவின் தங்கை. இளவயதிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவர். தோப்புக்குக் கீழே யாரோ வரப்பைக் கொளுத்தியிருக்கிறார்கள். தீ புல்லில் ஏறி எங்கள் பக்கம் திரும்பியது. குரங்கணியோடு ஒப்பிட அது தீயே இல்லை, இடுப்பளவுகூட எழவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விதியை நான் அன்று மீறினேன். மேலே ஓடினேன். அத்தையின் கையை விட்டுவிட்டு ஓடினேன். "மேல ஏறாதடா, கருகுன பக்கம் வாடா" என்று அவர் கத்தியது என் காதில் விழுந்தது. காதில் விழவே இல்லை என்று பிறகு அவரிடம் சொன்னேன். அது பொய். தீ வளைந்து வேறு பக்கம் போனதால்தான் நான் பிழைத்தேன். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுடர் தாழ்ந்திருந்த இடமாகப் பார்த்துத் தாண்டி, கரியில் போய் நின்றிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே கொப்புளம். என்னைத் தேடிக்கொண்டு அவர்தான் மேலே வந்தார்.

இதைவிட மோசமானது அடுத்த வாரம் நடந்தது. கடையில் இதைச் சொல்லும்போது ஆளை மாற்றிச் சொன்னேன். நான் நிதானமாக நின்று காற்றைப் பார்த்ததாகவும், அத்தையின் கையைப் பிடித்துக் கருகிய பக்கம் கூட்டிப்போனதாகவும் சொன்னேன். படத்தில் பார்த்ததைப் போலவே சொன்னேன். அத்தையின் புத்தியைத் திருடிக்கொண்டேன். பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மறுத்துப் பேசமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

யோசித்தால் தப்பிக்கலாம் என்ற என் பேச்சுக்குப் பதில், அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5-ம் தேதி காட்டுத்தீயை அணைக்கப் பாராசூட்டில் குதித்த 15 பேரும், தரையில் அவர்களோடு சேர்ந்துகொண்ட ஒரு தீக்காவலரும் அங்கே புல் சரிவில் மாட்டிக்கொண்டார்கள். தீ கீழேயிருந்து துரத்தியது. தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தனக்கு முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். தீயணைப்பதையே வேலையாகக் கொண்டவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களாலேயே அந்த நொடியில் ஒரு புது யோசனையை நம்ப முடியவில்லை. சனி, ஞாயிறு விடுமுறையில் மலை பார்க்க வந்த பிள்ளைகளிடம் அதை நான் எதிர்பார்த்தேன்.

அத்தையின் புத்தி அந்த நொடியில் முளைத்ததில்லை. எந்த மாதத்தில் எந்தச் சரிவு காயும், எங்கே பாறை இருக்கிறது, எங்கே நீர்க்கசிவு என்று தோட்டத்துப் பெண்கள் நடந்துகொண்டே பேசுவார்கள். நான் அதை வெட்டிப் பேச்சென்று நினைத்தவன். '127 ஹவர்ஸ்' படத்தின் நிஜ நாயகன் ஆரன் ரால்ஸ்டன் 2003-ல் மாட்டிக்கொண்டபோது, எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார். அறிவு தேவைப்பட்ட இடம் பாறை இடுக்குக்கு முன்பே இருந்தது. குரங்கணியிலும் அப்படித்தான். மார்ச்சில் அந்தப் புல்லுக்குள் ஆட்களை அனுப்பலாமா என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் அடிவாரத்தில் இருந்தவர்கள். அந்த அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த நான், கோடை மலையேற்றத்தைப் பற்றி அதற்கு முன்னால் ஒரு தடவைகூட யாரிடமும் வாய் திறந்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

அத்தைக்குக் கூட்டி வாசிப்பது சிரமம். இதை நானே அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன். பிறகு கடைக்குப் போய், காய் பிரிக்கும் பெண்களிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்: கரியில் போய் நின்றவர் அத்தை என்பதையும், செத்துப்போன அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் அன்று சொன்னது அநியாயம் என்பதையும்.