பச்சை, பிங்க், நடுவில் ஒரு சாம்பல்

மரகதப் பச்சை, ராணி பிங்க், சாம்பல். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் போட்டால் எப்படி இருக்கும்? கேட்டவுடனே பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள், மீதிப் பேர் சூப்பர் என்பார்கள். இரண்டு கட்சிக்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் காரணம் பச்சையிலும் இல்லை, பிங்க்கிலும் இல்லை. யாரும் கண்டுகொள்ளாத சாம்பலில் இருக்கிறது.

பச்சையும் பிங்க்கும் சேர்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. கல்யாண வீட்டில் சுற்றிப் பார்த்தால் பச்சை உடலுக்குப் பிங்க் கரை போட்ட பட்டுப்புடவை ஒன்றாவது கண்ணில் படும். நிறச் சக்கரத்தில் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே இருப்பவை. அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பச்சை இன்னும் பச்சையாகவும், பிங்க் இன்னும் பிங்க்காகவும் தெரியும்.

ஆனால் பக்கத்தில் வைப்பது வேறு, கலப்பது வேறு. பச்சைப் பாவில் பிங்க் ஊடு ஓட்டினால், அந்த மெல்லிய இழைகளைத் தூரத்திலிருந்து கண் பிரித்துப் பார்க்காது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கலாக, சாம்பலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா போட்டு நெய்வார்கள். உடல் நிறம் கரைக்குள் போகாது, கரை நிறம் உடலுக்குள் வராது. நெசவாளருக்கு உதவ இன்னொரு ஆளும் கூட வேண்டும். அவ்வளவு உழைப்பும் இரண்டு நிறத்துக்கு நடுவே ஒரு கோடு சுத்தமாக இருப்பதற்காக!

சரி, சாம்பலுக்கு வருவோம். 1824-ல் பாரிஸின் புகழ்பெற்ற கோபலன் நெசவாலையில் சாயப் பிரிவின் இயக்குநராகச் சேர்ந்தார் மிஷெல் யூஜேன் ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் சரியில்லை, கறுப்பு கறுப்பாகவே தெரியவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. இதையே விரித்து 1839-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்.

கறுப்புக்கே இந்தக் கதி என்றால் சாம்பலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பச்சைக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் லேசாகப் பிங்க் அடிக்கும். அதே சாம்பல் பிங்க்குக்குப் பக்கத்தில் லேசாகப் பச்சையடிக்கும். ஒரே டப்பா பெயிண்ட், இரண்டு நிறம்! பெயர்தான் நியூட்ரல். உண்மையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பொறுத்து ஆளே மாறிவிடும் :-) சாம்பல் சின்னப் பட்டையாக இருந்தால், அதுவும் பக்கத்து நிறத்தின் அதே வெளிச்சத்தில் இருந்தால், இந்த மாற்றம் இன்னும் அதிகம்.

இந்த வெளிச்சம்தான் அடுத்த சிக்கல். கம்ப்யூட்டரில் மரகதப் பச்சைக்கு 80, 200, 120 என்றும், பளிச் பிங்க்குக்கு 255, 105, 180 என்றும் எண் கொடுத்துப் பாருங்கள். நிறத்தில் இரண்டும் எதிரிகள், வெளிச்சத்திலோ ஏறக்குறைய இரட்டையர்கள். கணக்குப் போட்டால் வித்தியாசம் 1.2-க்கு 1 தான் வருகிறது. இணையப் பக்கங்களில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி. பச்சை மேல் பிங்க் எழுத்து ஏன் கண்ணைக் குத்துகிறது என்று இப்போது புரியும்.

கண்ணைக் குத்துவதோடு போனால் பரவாயில்லை. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களை நினைத்துப் பாருங்கள். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம்தான் இது அதிகம். குறையின் வகையைப் பொறுத்து, அவர்களில் பலருக்குப் பச்சையும் பிங்க்கும் நிறம் வெளுத்துச் சாம்பலை நெருங்கிவிடும். லாபம் பச்சை, நஷ்டம் பிங்க், மாற்றமில்லை என்றால் சாம்பல். செமினாருக்கு இப்படி அழகாக ஒரு சார்ட் போட்டால், அவர்களுக்கு லாபமும் நஷ்டமும் ஒன்றாகவே தெரியலாம். "எனக்கு நிறம் தெரியவில்லை" என்று ஐம்பது பேர் நடுவில் எழுந்து சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வழி ரொம்ப சுலபம். பச்சையை நன்றாக இருட்டாக்குங்கள். பிங்க் நடுவில் இருக்கட்டும். சாம்பலை வெளிறலாக எடுத்து, அதற்கே நிறைய இடம் கொடுங்கள். பிங்க் கொஞ்சமாக இருந்தால் போதும், அதன் சத்தமே அதிகம். பிறகு அதை ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். ஜெராக்ஸிலும் மூன்றும் மூன்றாகத் தெரிந்தால் தைரியமாகப் போடலாம். செலவு ஓரிரு ரூபாய்தான்.