இது சாம்பார்

அப்பா 2004-ல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பாமினி எழுத்துருவில் நாற்பது கடிதங்கள் அடித்து வைத்தார். இன்று அவர் இல்லை. கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. (பாமினியில் 'ம்' மேலுள்ள புள்ளி, கம்ப்யூட்டருக்கு வெறும் அரைப்புள்ளி!) அக்கா தன் போனில் படிக்க வேண்டும் என்கிறாள். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

அதற்கென்று என் மச்சினன் ஓர் இலவச மென்பொருள் எழுதியிருக்கிறான். "மேக்ஃபைல்ல எல்லாம் சொல்லியிருக்கேன் அத்தான். படிச்சுட்டுப் போட்டுக்குங்க."

மேக்ஃபைல் என்பது கம்ப்யூட்டருக்கான சமையல் குறிப்பு. எதிலிருந்து எதைச் செய்வது, செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அதில் இருக்கும். ஹாஷ் குறி போட்ட வரிகளை 'மேக்' சட்டை செய்யாது. அவை மனிதர்களுக்கு.

நான் பி.காம். கணக்கைவிட அடிக்குறிப்பு நீளமாக இருந்தால் வயிற்றைக் கலக்கும் ஜாதி. இங்கே வேலை மூன்று வரி. அதற்கு விளக்கம் முப்பத்தெட்டு வரி! மூன்று தடவை படித்தும் எதை டைப் அடிப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம்.

"'கீழ்க்கண்ட வரி ஃபைலை காப்பி செய்கிறது.' இது எதுக்கு மாப்ளே? அடுத்த வரியே காப்பிதானே? சாம்பார் வாளியில 'இது சாம்பார்'னு எழுதுவியா?"

"ஒருத்தர் கேட்டார் அத்தான்."

ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒருத்தர் இருந்தார். யாரோ ஒருவர் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் ஒரு போர்டு நட்டிருக்கிறான், பாவம். நான் இரக்கமில்லாமல் வெட்டினேன். மிஞ்சியது இரண்டு வரி: 'மேக் இன்ஸ்டால்' என்று அடிக்கவும். நிர்வாகி அனுமதி இல்லாதவர்கள் 'பிரிஃபிக்ஸ்' என்ற இடத்தில் தங்கள் சொந்த ஃபோல்டரைக் கொடுக்கவும்.

கத்தி கையிலிருந்த தெம்பில், காப்பி வரியையும் நானே அழகாகத் திருத்தி, முன்னால் நாலு ஸ்பேஸ் விட்டேன். 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று சொல்லி மேக் படுத்துவிட்டது. அரை மணி நேரம் முழித்தோம்.

"அத்தான், அங்கே ஸ்பேஸ் ஆகாது, டேப்தான் அடிக்கணும். அதுக்கும் ஒரு வரி எழுதியிருந்தேனே?"

நான்தான் வெட்டியிருந்தேன்.

இந்த டேப் வம்பு பழசு. 1976-ல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். டேப் தொல்லை தரும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்; அவர்களைச் சிரமப்படுத்த மனசு வராமல் விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக இன்றைக்கும் உலகமே டேப் அடிக்கிறது.

மூன்றாவது வரியாக டேப் எச்சரிக்கை திரும்ப வந்தது. மேக் இன்ஸ்டால் அடித்தேன். ஓடியது.

முதல் கடிதம், அக்காவுக்கு. பால்காரருக்கு எழுபது ரூபாய் பாக்கியாம். மறக்காமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.