ஹவ்வாவின் பாதை

இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. ஏறி வந்தவர் யாராக இருந்தாலும் அதை அடிக்கலாம். ஆனால் இதுவரை எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறாரோ அத்தனை தடவைதான் அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வருஷம் தவறாமல் வருகிற பெரியவர் அடித்துக்கொண்டே இருப்பார். முதல் தடவை வந்தவருக்கு ஒரே ஒரு அடிதான். சில வாரங்களாக அந்த ஒற்றை அடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2,243 மீட்டர் உயரத்தில், பொழுது விடியாத குளிரில், ‘நான் புதுசு’ என்று ஒருவர் எல்லார் காதிலும் விழச் சொல்லிக்கொள்ள ஒரு மணி வைத்திருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்த மலையில் புதியவருக்கென்று ஓர் இடம் உண்டு. முதல்முறை வருபவரைச் சிங்கள யாத்ரீகர்கள் ‘கோடு’ என்று அழைக்கிறார்கள். ஊரிலிருந்து கூட்டமாகக் கிளம்பினால் பலமுறை ஏறி இறங்கிய ஒருவர் முன்னால் நடப்பார். அவர்தான் ‘நடே குரா’. எங்கே ஓடையில் குளிக்க வேண்டும், எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும், எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வழியில் இந்திகட்டுபான என்றோர் இடம் வரும். கிழிந்த சீவரத்தைத் தைக்கப் புத்தர் அங்கே தங்கினார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. முதல்முறை வருபவர்கள் அங்கே ஊசியும் நூலும் வைத்து, நூலை வழியோரமாகப் பிரித்துக்கொண்டே மேலே போவார்கள். புதியவரை ஒதுக்காமல், அவர் புதியவர் என்பதையே ஒரு சடங்காக மாற்றி வைத்திருக்கும் மலை அது.

இதெல்லாம் என் நினைவுக்கு வந்ததற்கு எங்கள் தெருப் பையன்கள்தான் காரணம். ஓசூர் சிப்காட்டில் வேறுவேறு கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். பொங்கல் லீவோடு சி-ஆஃப் என்கிற ஈட்டு விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, பக்கத்து நாட்டில் ஒரு சின்ன மலையாவது ஏறிவிட்டு வர வேண்டும் என்று டீக்கடையில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் இதற்கு முன் மலையேற்றம் என்று போனதில்லை. எனவே சுலபமாக இருக்க வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. ஒருவர் நேபாளத்தின் பூன் ஹில் என்றார். 3,210 மீட்டர் உயரம், பொக்கராவிலிருந்து போய்வர நாலைந்து நாள், பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வாக்காளர் அட்டையை வைத்துப் போகலாம். இன்னொருவர் பூட்டானின் தக்சங் மடத்தைச் சொன்னார். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம், ஆனால் அந்த நாட்டில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்தியர் 1,200 ரூபாய் கட்ட வேண்டும். நான் இலங்கையைச் சொன்னேன். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும்.

“சார், கம்பெனியில கொடுத்த சேஃப்டி ஷூவையே போட்டுட்டு ஏறிடலாமா?” என்று கேட்டார் ஒருவர். நல்ல கேள்வி. கூடாது என்றேன். அந்த ஷூவின் மூக்கில் இரும்பு மூடி இருக்கிறது. ஏறும்போது பாரம் மட்டும்தான் தெரியும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கால் முன்னால் சரிந்து விரல் நகம் அந்த இரும்பில் போய் இடிக்கும். ஆயிரக்கணக்கான படி இறங்குவதற்குள் நகம் கறுத்துவிடும். நன்றாகப் பழகிய, அடியில் பிடிமானம் உள்ள சாதாரண ஷூ போதும்.

அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குச் சுமார் 5,500 படிகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். எண்ணைக் கேட்டதும் பையன்களின் முகம் மாறியது. எங்கள் மாவட்டத்திலிருந்து புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தே போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஏறும் அலிபிரியில் 3,550 படி. அதைப்போல ஒன்றரை மடங்கு என்று சொன்னதும் கணக்கு பிடிபட்டது. மலை ஏற வேண்டியது நள்ளிரவுக்கு மேல். இரண்டு மணி வாக்கில் தொடங்கினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்கலாம். நைட் ஷிப்ட் பார்த்துப் பழகிய உடம்புக்கு இரண்டு மணி என்பது வேலை நேரம். இந்த மலையை ஏற ஓசூர்க்காரரிடம் இயல்பாகவே ஒரு தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

பயிற்சிக்கு இராயக்கோட்டை இருக்கிறது. தக்காளி மண்டிக்குப் போகிறவர்கள் தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகரும் அந்தக் கோட்டை, 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். இரண்டாவது தடவை ஏறும்போதுதான் முட்டி உண்மையைச் சொல்லும்.

சுலபமான மலை, சுலபமான வழி என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு இப்னு பதூதாவின் பயண நூல் ஞாபகம் வந்தது. சுலபமான வழியைப் பற்றிய விவாதம் அதே மலையில் கிட்டத்தட்ட ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

மொராக்கோவில் பிறந்த அந்த மனிதர் 1344இல் மாலத்தீவிலிருந்து மதுரை சுல்தானின் மாபர் நாட்டுக்குக் கப்பலேறினார். காற்று கப்பலை இலங்கைக் கரைக்குத் தள்ளிவிட்டது. புத்தளம் பகுதியில் அவரை வரவேற்றவர் ஒரு தமிழ் அரசர், யாழ்ப்பாணத்தின் ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, மலை உச்சியில் உள்ள, முதல் மனிதரான பாவா ஆதமின் திருவடித் தடத்தைத் தரிசிக்க வேண்டும், வேறு விருப்பம் இல்லை என்றார் பதூதா. இலங்கை முஸ்லிம்களான சோனகர் இன்றும் அந்த மலையைப் பாவாத மலை என்கிறார்கள். அரசர் ஒரு பல்லக்கு கொடுத்தார். அத்தோடு துணைக்கு அனுப்பிய ஆட்களின் பட்டியலைப் பாருங்கள்: வருஷந்தோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், தம் பரிவாரத்திலிருந்து பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். முதல்முறை மலை ஏறும் ஒரு முஸ்லிம் பயணிக்கு வழிகாட்ட, வழியறிந்த யோகிகளை ஒரு தமிழரசர் அனுப்புகிறார். இந்தக் காட்சியை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பதூதா எதையும் விடாமல் சொல்லும் மனிதர். வழியில் அட்டைகள் மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள்மேல் தாவுவதைச் சொல்கிறார். ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து, அட்டை மேல் சாற்றைப் பிழிந்ததும் அது கழன்று விழுவதையும் சொல்கிறார். பாறையில் அந்தக் காலத்து மனிதர்கள் படி வெட்டி, இரும்பு முளை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர், ஏனென்றால் அங்கே நின்று கீழே பார்த்தவர்கள் பயத்தில் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவைச் சொல்லிவிடுவார்களாம்.

பிறகுதான் அந்த விஷயம் வருகிறது. மலைக்கு இரண்டு பாதைகள். ஒன்று பாபா பாதை, அதாவது ஆதமுடையது. மற்றது மாமா பாதை, அவர் மனைவி ஹவ்வாவுடையது. ஆதமின் பாதை கரடுமுரடானது, ஏறக் கடினமானது. ஹவ்வாவின் பாதை சுலபமானது, திரும்பி வருகிறவர்கள் அதில் இறங்குவார்கள். ஆனால் ஏறும்போதே அதில் போனால் மலை யாத்திரை செய்ததாகவே அந்த மக்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பதூதா மூன்று நாள் மலையில் தங்கித் தரிசனம் செய்துவிட்டு, ஹவ்வாவின் பாதையில் இறங்கினார்.

அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. கஷ்டப்பட்டால்தான் கணக்கில் சேரும் என்ற எண்ணம் இன்றும் மலையேறுகிறவர்களிடம் இருக்கிறது. எத்தனை மீட்டர், எத்தனை நாள், எவ்வளவு ஆபத்து என்றுதான் பேச்சு. ஆள் நடமாட்டம் இல்லாத வழிதான் உயர்ந்த வழி, படிக்கட்டும் டீக்கடையும் உள்ள வழி ஒரு படி தாழ்ந்தது என்கிறார்கள். ஆனால் ஒரு மலை சுலபமாவது எப்படி? யாரோ படி வெட்டியிருக்கிறார்கள். யாரோ சங்கிலி கட்டியிருக்கிறார்கள். பொலன்னறுவையிலிருந்து சோழர்களை விரட்டிய முதலாம் விஜயபாகு, அந்த மலைக்குப் போகும் யாத்ரீகர்களின் சிரமத்தைப் பார்த்து, அவர்களுக்குச் சோறு போடுவதற்காகக் கிலிமலை என்ற ஊரையே எழுதிவைத்தான். 11ஆம் நூற்றாண்டு அன்னதானம். இன்று யாத்திரைக் காலத்தில் வழி நெடுக மின்விளக்கு எரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இருட்டில் ஓர் ஒளிக்கோடு வானத்துக்கு ஏறுவது தெரியும். நட்டநடு ராத்திரியில் சூடான பிளேன்டீ கிடைக்கிறது. அந்தக் கடைக்குப் போகும் சர்க்கரை மூட்டையும் மாவு மூட்டையும் மனிதர் தோளில்தான் ஏற வேண்டும், வண்டி போகும் வழி இல்லை. சுலபமான பாதையில் நடக்கிறவர், முகம் தெரியாத எத்தனையோ பேருடைய உழைப்பின் மேல் கால் வைத்து நடக்கிறார். அதை அறிந்து நடந்தால் அதுவே யாத்திரை.

அந்த முகம் தெரியாதவர்களில் நம்முடையவர்கள் நிறைய உண்டு. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போகும் சாலையின் இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தமிழ் கேட்கும். 1820களில் காப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கி, பிறகு தேயிலைக்காகவும், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப்போனார்கள். 1965இல் தர்மபுரி தனி மாவட்டம் ஆகும்வரை இந்தப் பக்கமெல்லாம் அந்தச் சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தது. ஆரம்பக் காலத்தில் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் பசியும் வழியெல்லாம் ஆட்களைத் தின்றன. அவர்களுக்கு முன்னால் நடக்க வழியறிந்த யோகி யாரும் இல்லை. 2023இல், அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக, அவர்களுடைய வழித்தோன்றல்களும் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் நடந்தார்கள்.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் ஆனார்கள். அவர்கள் வாழ்ந்த ஊரும் தப்பவில்லை. மௌசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நீருக்குள் போயிற்று. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் அந்த நீர்த்தேக்கத்தின் கரையோரமாகத்தான் போக வேண்டும்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஒற்றை அறைகள். ஓசூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூக்கண்டப்பள்ளிப் பக்கமும் ஜூஜூவாடிப் பக்கமும் போனால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறி மாறித் தூங்கும் வரிசை அறைகளைப் பார்க்கலாம். வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர்களின் உழைப்பால் எழுந்த ஊர் இது. என் தெருப் பையன்களின் அப்பாக்களும் வேறு மாவட்டங்களிலிருந்து இங்கே வந்தவர்கள்தான். மஸ்கெலியாவின் லயத்து வாசலில் நிற்கும் ஒருவரைப் புரிந்துகொள்ள ஓசூர்க்காரருக்கு ரொம்ப நேரம் ஆகாது.

ஆகவே, முதல் மலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமிக்குள் போங்கள். அதுதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் விளக்கும் கடையும் இருக்காது, மழையும் காற்றும் அட்டையும் இருக்கும். போயா என்னும் பௌர்ணமி தினத்தையும் வார இறுதியையும் தவிருங்கள், அன்றைக்குப் படியில் நகரவே இடம் இருக்காது. நல்லதண்ணி வழியிலேயே ஏறுங்கள், இரத்தினபுரி வழி நீளமானது, அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் காற்று ஊசியாய்க் குத்தும், மார்கழி ஓசூருக்குப் போடும் ஸ்வெட்டருக்கு மேல் காற்றைத் தடுக்க ஒரு ஜெர்கின் வேண்டும். ஏறும்போது அவசரம் வேண்டாம், முன்னால் மெதுவாக ஏறும் பாட்டிமார்களின் பின்னாலேயே போங்கள், அவர்களுக்கு மலை தெரியும். முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான், ஆகவே அன்றைக்கே கொழும்புக்கு ஓடாதீர்கள். மஸ்கெலியாவிலோ ஹட்டனிலோ கூடுதலாக ஒரு நாள் தங்குங்கள். டீ குடியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பூர்வீகம் எந்தப் பக்கம் என்று தமிழில் கேளுங்கள், அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு வாருங்கள்.